மாடிப்படியில் நின்ற ஃபிரிட்ஜ்

பிறர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. முதல் மாடியில் என் வீட்டு வாசல் மாடிப்படிக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவைத் திறந்துவைத்தால் மூக்கு தானாகப் போய்விடுகிறது, நான் என்ன செய்ய?

மூன்றாவது மாடித் தையல்காரியின் மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி அவள் அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரியும். தபால்காரர் உறையை என்னிடம்தான் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பெண் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். தெருவில் அவள் பெயரே ஜெராக்ஸ்தான். மூன்று வருடம் பள்ளிக்கூடக் கேள்வித்தாள்களை நகலெடுத்து அலுத்து, கேள்வி கேட்கும் இடத்துக்கே போய்விடலாம் என்று முடிவுகட்டியிருந்தாள். மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கணக்கு, அறிவியல் எடுப்பவர்களுக்கு அரசாங்கமே படிப்புச் செலவைத் தருகிறதாம். இவள் எடுத்ததோ வரலாறு.

"கணக்கையே எடுத்துத் தொலையேன்டி!" என்றாள் அம்மாக்காரி.

"எனக்கே வராததை யாருக்கும்மா நான் சொல்லித் தர்றது?"

கடைசியில் ஓர் அறக்கட்டளை ஏழைகளுக்குத் தரும் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள். வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றதும் தையல்காரி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறதே! ஜெராக்ஸ் தன் சம்பளத்தில் வாங்கிய பழையது.

"அக்கா, ரெண்டு நாளைக்கு உங்க வீட்டுல வச்சுக்கறீங்களா?" என்று தையல்காரி என்னிடம் ஓடிவந்தாள்.

சேதி முன்பே காதில் விழுந்திருந்ததால் இடத்தை ஒதுக்கியே வைத்திருந்தேன்.

கீழ்க்கடை ஆட்கள் இருவர் அதைத் தூக்கிக்கொண்டு, நான் வழி சொல்லச் சொல்ல, இரண்டாவது மாடித் திருப்பம்வரை வந்துவிட்டார்கள். அப்போது பார்த்து வேலை முடிந்து வந்த ஜெராக்ஸ் குறுக்கே நின்றாள்.

"எங்க போகுது இது?"

"பெரியம்மா வீட்டுக்குடி. சும்மா ரெண்டு நாள்."

"என்ன, திருட்டுச் சாமானா ஒளிச்சு வைக்க? மேல தூக்குங்கண்ணே."

"கீழ கொண்டுபோங்கப்பா!"

"மேல!"

அந்த இருவரும் ஃபிரிட்ஜைத் திருப்பத்திலேயே வைத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க, நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று இறங்கிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர்களுக்குப் பதில் ஏறி வந்தது கையில் ஃபைலோடு ஒரு கண்ணாடிக்காரர். அறக்கட்டளையின் ஆய்வாளர், சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாக!

வழியில்லாமல் நின்றவர், "இது யாரோடது?" என்றார்.

"இவங்களோடது" என்று தையல்காரி என்னைக் காட்டினாள்.

"என்னோடதுதான்" என்றேன். பொய் சொல்லும்போது என் முகம் மிகவும் லட்சணமாக இருக்கும் என்பார்கள்.

"எங்களோடது சார்" என்றாள் ஜெராக்ஸ். "என் சம்பளத்துல வாங்கினது. மூணாவது மாடி. நீங்களும் அங்கதானே வர்றீங்க? ஒரு கை பிடிங்க."

மனிதர் என்ன செய்வார்? பிடித்தால்தான் வழி கிடைக்கும். ஃபைலை என்னிடம் கொடுத்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியாது. அவர் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்வதற்குள் நான் நாலு குடும்பங்களின் வருமானத்தைப் படித்து முடித்துவிட்டேன்.

மேலே போனதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"ஏம்மா, இது இருக்குன்னு தெரிஞ்சா..."

"பால் கெட்டுப்போற வீட்டுக்குத்தான் படிப்பு தருவீங்களா சார்? உங்க ஃபாரத்துல மார்க் கேட்டிருக்கு, வருமானம் கேட்டிருக்கு. ரெண்டையும் மறைக்காம எழுதியிருக்கேன். ஃபிரிட்ஜ் எந்த வரியில இருக்கு, காட்டுங்க."

காட்டவில்லை. சில நாளில் அறக்கட்டளையின் கடிதம்தான் வந்தது. 'தாங்கள் வீட்டு உபயோகப் பொருட்களுடன் வசதியாக வாழும் குடும்பம் என்பது நேரடி ஆய்வில் உறுதியானதால்...' கீழே முத்திரை, கையெழுத்து.

"உன் வாய்தான்டி உன்னைக் கெடுத்துச்சு" என்று தையல்காரி அழுதாள். ஜெராக்ஸ் அழவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மறுநாள் கடையில் அதை நகலெடுத்துக்கொண்டாள், ஓசியில்தான். கட்டணம் கட்ட நான்கு நாள் மிச்சம்.

வங்கிக்குக் கிளம்பும்போது தையல்காரி என்னிடம் தங்க வளையல் இரண்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கடன் கேட்கப் போகிறவள் கொஞ்சம் மின்ன வேண்டாமா?

"கழட்டும்மா" என்றாள் மகள். "அன்னைக்கு ஏழையா நடிக்கச் சொன்னே, இன்னைக்குப் பணக்காரியா நீயே நடிக்கற. ஒருநாளாவது நாம நாமளா போவோம்."

வளையலுக்குக் காவலாக வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். வளையல் வராவிட்டாலும் நான் போனேன்.

மேனேஜர் தாளைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அம்மாவுக்குத் தையல் கூலி, உனக்கு ஜெராக்ஸ் கடை. திருப்பிக் கட்டற அளவுக்கு வசதி இல்லையேம்மா."

ஜெராக்ஸ் அந்தக் கடித நகலை அவர் முன்னால் தள்ளினாள்.

"இது உனக்கு உதவி கிடையாதுன்னு சொல்ற லெட்டராச்சே?"

"எதுக்குக் கிடையாதுன்னு படிங்க சார். வசதியான குடும்பம்னு முத்திரை போட்டுக் கொடுத்திருக்காங்க. நேர்ல வந்து பார்த்தவங்க. நீங்க நாற்காலியில இருந்தே இல்லைங்கறீங்க. அங்க போனா பணக்காரி, இங்க வந்தா பிச்சைக்காரி. ரெண்டு பேரும் போன்ல பேசி ஒரு முடிவு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

சொன்னபடி உட்கார்ந்தும்விட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தது. நான் அவர்களுக்குக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? "படிக்கத்தானே கேக்குது, குடுங்க சார்" என்று ஒரு குரல் வந்தது.

தையல்காரி வெறுங்கையை மேஜைமேல் வைத்தாள். "ஜாமீன் நான் போடறேன் சார். இருபது வருஷமா ஒரே முதலாளிகிட்ட தைக்கறேன். ஒருநாள் லீவு போட்டேனான்னு கேட்டுப் பாருங்க."

மேனேஜர் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

"கட்டணத்துக்கு மட்டும்தான். புத்தகம், பஸ்ஸுக்கெல்லாம் கிடையாது."

"அதுக்குச் சாயங்காலம் கடை இருக்கு."

"படிச்சு முடிச்சு வேலை கிடைக்கலைன்னா?"

"உங்க பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்துக் கழிச்சிடறேன்."

"எனக்குப் பிள்ளை இல்லை."

"அப்ப உங்களுக்கே எடுக்கறேன் சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. முத்திரையை மட்டும் கொஞ்சம் ஓங்கியே குத்தினார்.