கேப்டன் குடித்த கடற்பாசி சூப்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது திருட்டுக் கதை. சுன்சோனில் ஒரு கோழிக்கறிக் கடை. பக்கத்து மேசையில் சோஜுச் சாராயம் குடித்துக்கொண்டிருந்த நரைத்தலைக்காரர்கள் சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவர் சொன்னார்: "ஓட்டுப் போடற நாள்ல அந்தக் கேப்டனையே கடற்பாசி சூப் குடிக்க வெச்சோம்ல."

அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. எழுந்து போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பார்கள், எனக்கு வேலை இருந்திருக்காது.

2

'மலைகளின் மேல் பனி மௌனமாகப் பெய்துகொண்டிருந்த—'

வேண்டாம். பனி எப்போது சத்தம் போட்டுப் பெய்தது?

'சர்வாதிகாரம் என்பது அடிப்படையில்—'

இதுவும் வேண்டாம். தூங்கிவிடுவீர்கள்.

சமையற்கட்டிலிருந்து தொடங்குகிறேன். எண்பத்தைந்தாம் வருஷம், பிப்ரவரி. ராணுவம் நாட்டை ஆண்ட காலம். அதற்காக ராணுவத்தில் இருந்தவனுக்கு ஒரு பிடி சோறு அதிகமாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. வடக்கு எல்லையோரம் ஒரு முகாம். நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது. சிப்பாய்கள் முகாமிலேயே ஓட்டுப் போட்டு, உறையில் போட்டு ஒட்டித் தபாலில் அனுப்ப வேண்டும். அந்தப் படைப்பிரிவை, அதாவது கம்பெனியை, ஆள்பவர் கேப்டன் ஹாம். காலை அணிவகுப்பில் அவர் சொன்னது இது:

"சட்டப்படி திரை தொங்கும். ஆனா எவனும் அதை மூடக் கூடாது. ஆளுங்கட்சிக்கு முத்திரை குத்தறதை நான் கண்ணால பார்க்கணும். மூடறவன் நேரா ராணுவச் சிறைக்குப் போவான்."

அன்று மத்தியானம் சமையல்காரச் சிப்பாய் மன்சு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தான். உதவிக்கு வந்தவன் இன்சோப். ஊர்வலத்தில் கோஷம் போட்ட குற்றத்துக்காகக் கல்லூரியிலிருந்து பிடித்துவந்து சீருடை மாட்டிவிடப்பட்டவன்.

"நாளைக்கு நான் திரையை மூடிடுவேன், அண்ணே."

"மூடினா?"

"சிறைக்குப் போவேன்."

"போவே. திரும்பி வரும்போது எலும்பெல்லாம் அதது இடத்துல இருக்கும்னு நெனச்சியா? நீ ஒருத்தன் மூடினா அது ஓட்டு இல்லடா, தற்கொலை."

"அப்ப எல்லாரையும் மூடச் சொல்லுங்க."

மன்சு கத்தியைக் கீழே வைத்தான். இந்தப் பையனை அவனுக்குப் பிடிக்கும். போன மாதம் மன்சுவின் விரலெல்லாம் பனியில் வெடித்துக் கிடந்தபோது, கேட்காமலேயே வந்து அண்டா கழுவியவன். இவனை அடித்து நொறுக்கித் தூக்கிவருவதைப் பார்க்க மன்சுவுக்குத் தெம்பில்லை. மற்றவர்களுக்கும் மனசுக்குள் எரிச்சல் இருந்தது, ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பயத்தை எப்படி இறக்குவது? சமையல்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் சமையல்தான். அவன் கிடங்குக்குப் போய்க் காய்ந்த கடற்பாசியை எடுத்து ஊறப்போட்டான்.*

(* கடற்பாசி சூப் இங்கே பிறந்தநாள் சாப்பாடு. அதையே பரீட்சை நாளில் வைத்துப் பாருங்கள், பெற்ற தாயையே முறைப்பார்கள். கடற்பாசி வழவழவென்று இருக்கும், குடித்தவன் வழுக்கி விழுவான், தோற்றுப்போவான் என்று நம்பிக்கை. தேர்தல் நாளில் அதை ஊற்றினால் என்ன அர்த்தம் என்று இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.)

3

காலைச் சாப்பாடு. மூடியைத் திறந்ததும் வரிசையில் ஒரு முனகல். பிறகு ஒரு கிசுகிசு. "யாருக்குடா இது? ஆளுங்கட்சிக்கா?" தோள்கள் குலுங்கின. இன்சோப் மன்சுவைப் பார்த்தான். மன்சு கரண்டியைப் பார்த்தான்.

அப்போதுதான் கேப்டன் ஹாம் உள்ளே வந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார். காது சிவந்தது.

"யாருக்குடா இன்னைக்குப் பிறந்தநாள்?"

இங்கே மூன்று நாள் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் வழி: கம்பெனி மொத்தமும் எழுந்து நின்று "எனக்குத்தான் சார்" என்கிறது. சினிமா. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இரண்டாவது வழி: கேப்டன் மன்சுவைக் கன்னத்தில் அறைகிறார், சூப் கொட்டப்படுகிறது, எல்லோரும் தலைகுனிந்து ஓட்டுப் போடுகிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும். நடந்ததை அப்படியே எழுத எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

மூன்றாவது வழியை மன்சுவே காட்டினான்.

"உங்களுக்குத்தான், சார்."

"எனக்கு டிசம்பர்லயே முடிஞ்சுபோச்சுடா."

"காகிதத்துல டிசம்பர்தான், சார். ஆனா பழைய சந்திரக் கணக்குல பன்னிரண்டாம் மாசம் இப்பத்தானே ஓடுது. வீட்ல அம்மா அந்தக் கணக்குலதானே பார்ப்பாங்க?"

கேப்டன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். தேதி அவருக்கே குழம்பிவிட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அம்மாவைக் கேட்காமல் அந்தக் கணக்கு தெரியும்? இல்லை என்று கத்தவும் வழியில்லை. கத்தினால், 'என் கம்பெனி ஆளுங்கட்சி தோற்க வேண்டும் என்று சாபம் விடுகிறது' என்று அவரே மேலிடத்துக்குச் சொன்ன மாதிரி. அவர் யோசித்து முடிப்பதற்குள் யாரோ கைதட்ட, இன்னொருவன் வாழ்த்துப் பாட்டை எடுக்க, கூடம் அதிர்ந்தது.

மன்சு பெரிய கிண்ணமாகப் பார்த்து நிரப்பினான். கேப்டன் உட்கார்ந்தார். குடித்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் பையன்கள் கைதட்டினார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, சார்?"

"போதும்டா" என்றார் கேப்டன்.

4

ஓட்டறை. கயிற்றில் தொங்குகிற சாம்பல் நிறக் கம்பளிதான் திரை. பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார் கேப்டன். முதல் ஆள், மூத்தவன், சார்ஜன்ட் க்வாக்.

இந்த க்வாக்கை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் இவனை உளவாளியாக எழுதியிருந்தேன். இளையவர்களை உதைக்கிறவன். அடுத்த மாதம் வீட்டுக்குப் போகப்போகிறவன். கேப்டனின் பூட்ஸை மூன்று குளிர்காலம் துடைத்தவன். இப்படிப்பட்டவன் என்ன செய்வான்? குத்திவிட்டுப் போவான். நானும் 'க்வாக் பணிவோடு முத்திரையை எடுத்து—' என்று எழுதினேன்.

எடுக்கவில்லை. கம்பளியைப் பிடித்து இழுத்து மூடிவிட்டான்.

"க்வாக்! என்னடா பண்றே?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "காத்து வருது, சார்."

கேப்டன் கர்ஜிக்க வாயைத் திறந்தார். முன்பல்லில் பச்சையாக ஒரு கடற்பாசித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவன் பொத்துக்கொண்டு சிரித்தான். அடுத்தவனால் அடக்க முடியவில்லை. அந்த வாயிலிருந்து சிறை, விசாரணை, துரோகம் என்று என்னென்னவோ வந்தது, ஒன்றும் ஏறவில்லை. பல்லில் பாசியோடு நிற்கிற மனிதருக்கு எப்படிப் பயப்படுவது? அவர்களும் முயன்றுதான் பார்த்தார்கள்.

அடுத்தவன் இன்சோப். மூடினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் மூடினான். அதற்குப் பின்னால் வந்தவனும். மன்சுவின் முறை வந்தபோது கேப்டன் கத்துவதை நிறுத்தியிருந்தார். ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாம். மொத்தக் கம்பெனியை அனுப்பினால் முதல் விசாரணை தனக்குத்தான் என்று அவருக்கும் தெரியும். மன்சு கம்பளிக்கு வெளியே நின்று ஒரு நிமிஷம் அழுதான். சந்தோஷம்தான். ஈரமான கையோடு கம்பளியை இழுத்து மூடினான்.

5

முடிந்தது என்றுதான் நினைத்தேன். பேனாவை மூடும்போது பார்க்கிறேன், மேசையில் இன்னும் ஒரு உறை இருக்கிறது. (சத்தியமாக நான் திட்டமிடவில்லை.) கேப்டனுக்கும் சொந்த ஊர் வேறு, அவருக்கும் தபால் ஓட்டுத்தான்.

கேப்டன் ஹாம் சீட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றார். முத்திரையைத் தொட்டார். என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தார். ஓட்டுப் போட்ட ஒருவனும் கலையவில்லை. க்வாக், இன்சோப், மன்சு, மொத்தக் கம்பெனியும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் இப்போது சிரிக்கவில்லை.

அவர் கை முத்திரையை விட்டு மேலே போனது. கம்பளியைப் பிடித்தது. இழுத்து மூடிக்கொண்டது.

"அண்ணே" என்றான் இன்சோப். "அவருமா?"

"சும்மா இருடா" என்றான் மன்சு. "உள்ளே ஓட்டுப் போடறாங்க."

உள்ளே யாருக்குக் குத்தினார் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கதை முழுக்க ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் கூசாமல் நுழைந்து வந்திருக்கிறேன். அந்தக் கம்பளிக்கு அப்பால் மட்டும் நான் போவதாக இல்லை. எழுதுகிறவனுக்கும் அங்கே இடமில்லை என்பதற்காகத்தானே அவர்கள் இத்தனை பாடுபட்டார்கள். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், ஒவ்வொருவராகத் தனியே போங்கள், விருப்பப்பட்ட இடத்தில் குத்துங்கள், மடித்து ஒட்டிவிடுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம்.