கழுத்தில் கிடந்த சாவி

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக, மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் பிழைப்பு. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிறவர்கள், என் பரம்பரையையே திட்டுகிறவர்கள், ஆபீசுக்கு லீவு கிடைத்ததென்று சந்தோஷப்படுகிறவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: ஒன்றும் செய்யாதீர்கள், அப்படியே உட்காருங்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன். என்னிடம் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்ற கடுப்பு எனக்கு நெடுநாளாக உண்டு.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்பதாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, நான், என் மனைவி, அவளுடைய அப்பா. மாமனார் பேருந்து நிலையத்தில் நேரம் எழுதியவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பது வருடம் எழுதியிருக்கிறார். வண்டிகள் போய்விட்டன, மிச்சம் நான் மட்டும். எங்கே போகிறாய், எப்போது வருவாய், ஏன் ஏழு நிமிடம் தாமதம்? அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, மற்றதில் புரை. முழங்கால் இரண்டும் மடங்காது. எட்டு மாதமாக வாசல் தாண்டவில்லை. அவர் அறைக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால்தான் லிஃப்ட் ஓடுகிறது. அது மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே கரகரக்கிறது என்பது அவருடைய புகார். ஒன்பதாவது மாடியில் படுத்துக்கொண்டு அது எப்படிக் காதில் விழும் என்று கேட்டால், உனக்குத்தான் காது இல்லையே என்பார்.

கண் அறுவை சிகிச்சைக்கு ஏழு மாதம் காத்திருந்து ஒரு தேதி கிடைத்தது. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து. அதற்குள் இருக்கிற கண்ணும் முழுசாக மூடிவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்காக நானும் லீவு போட்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம், இந்தக் கரகரப்புப் புராணத்தை முடித்துவிடலாம் என்று மொட்டை மாடியிலிருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் மின்சாரத்தை அணைத்து என் பூட்டை மாட்டினேன். எங்கள் தொழிலில் இது முக்கியம். ஆளுக்கு ஒரு பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி. மாற்றுச் சாவி கிடையாது. பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். என் கூட்டாளி ஒருவன் உள்ளே கையை விட்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இன்று அவனுக்கு வலது கையில் இரண்டு விரல்தான். அதனால் எங்கள் கட்டடத்துக் காவலாளிக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பூட்டுக்காரன் வாயாலேயே வெளியே இருப்பதாகச் சொன்னால் ஒழிய, யார் வந்து கதறினாலும் பூட்டைத் தொடக்கூடாது என்று பத்து முறை சொல்ல வைத்தேன். வேலை முடியும்வரை சாவி கயிற்றில் கோத்து என் கழுத்தில் கிடக்கும். முடிந்ததும் பூட்டும் சாவியும் சேர்ந்து பைக்குள் போகும்.

மோட்டாருக்கு அடியில் தேய்ந்திருந்த ரப்பரை மாற்றிவிட்டேன். ஓட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி. அப்போது மாமனாரிடமிருந்து மூன்று போன். கண் மருந்துப் புட்டியைக் காணோமாம், நாளைக்குக் கேட்பார்களாம். கடுகடுவென்று ஒரு மாடி படியிறங்கி வீட்டுக்கு வந்தேன். புட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதற்கு நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் மனைவி என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், எங்கேயாவது போய் மனுஷனாகத் திரும்பி வாருங்கள் என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பூட்டு நினைவிலிருந்து கழன்றுவிட்டது.

விடிந்தும் விடியாமலும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். லிஃப்ட் கதவுச் சத்தம் கேட்டால் எங்கே போகிறாய் என்று குரல் வரும். அதனால் ஒன்பது மாடியையும் படியிலேயே இறங்கினேன். மலை ஏறப் போகிறவனுக்கு இது நல்ல பயிற்சி என்று பெருமை வேறு. தரைத்தளத்தில், வேலை நடக்கிறது என்று நான் மாட்டிய பலகை தொங்கிக்கொண்டிருந்திருக்கும். நான் பின்பக்கக் கதவால் போனேன்.

ஏழு மணிக்குக் காரை நிறுத்திவிட்டு, காட்டுப் பாதையின் குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். கோடையில் தீப்பயத்தால் மர லாரிகளுக்குத் தடை. நடக்கிறவர்கள் போகலாம். இரண்டு லாரி அகலத்துக்கு மண் சாலை, இருபுறமும் வானத்தை மறைக்கும் மரங்கள், வெட்டி அடுக்கிய தடிகளின் முகத்தில் சிவப்பு எண்கள். மூன்றாவது கிலோமீட்டரில் போனில் சிக்னல் செத்தது. அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ரொட்டித் துண்டை நாற்பது நிமிடம் தின்றேன். ஏன் தாமதம் என்று எந்த மரமும் விசாரிக்கவில்லை.

பதினான்காவது கிலோமீட்டரில் சாலைக்கு அடியில் குழாய் வழியாக ஓடை ஒன்று போகிறது. பன்னிரண்டு மணி வெயில். கையால் தண்ணீர் அள்ள முகம் குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஏதோ நழுவி மோவாயில் இடித்தது.

சாவி.

வேலை முடிந்தால் அது கழுத்தில் இருக்காது. கழுத்தில் இருந்தால் வேலை முடியவில்லை. ஒன்பதாவது மாடி, மடங்காத முழங்கால், மூன்று மணி, சுவிட்சில் என் பூட்டு. காவலாளி வெட்ட மாட்டான். நான்தானே பத்து முறை சொல்ல வைத்தேன்.

போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். ஒரு கோடுகூட இல்லை. கீழே போனால் பதினான்கு கிலோமீட்டர், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கார். என்ன பறந்தாலும் நான்கரைக்கு முன்னால் வீடு போய்ச் சேர முடியாது. காலை முழுக்க நான் கொஞ்சிக்கொண்டு வந்த சாலை இப்போது வாசல் இல்லாத நடைகூடமாகிவிட்டது. முன்னாலும் மரம், பின்னாலும் மரம், நடுவில் நான். சாலையோரப் பலகை ஒன்று தீக்காவல் கோபுரம் மூன்று கிலோமீட்டர் என்றது. நேர் ஏற்றம். கோபுரம் என்றால் உயரம், உயரம் என்றால் சிக்னல். நான் மேலே ஓடினேன்.

ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. மாட்டு ஈக்கள் கழுத்தைக் கடித்தன. அவரைத் திட்டிக்கொண்டு ஏறினேன். புட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேட வைத்தது அவர்தானே? இரண்டாவது கிலோமீட்டருக்குள் அந்த வாதம் தீர்ந்துபோனது. பூட்டை மாட்டியது என் கை. கதவுச் சத்தம் கேட்காமல் நழுவியது என் கால். ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு லிஃப்டில் இறங்கியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கோபுரத்தின் மேல் ஆறடிக்கு ஆறடி மரக்கூண்டு. உள்ளே தீக்காவல்காரி, ஐம்பது வயதிருக்கும், தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஒரு மூலையைக் காட்டினார். அங்கே சுவரில் ஓர் ஆணி. அதற்கு ஒரு சாண் பக்கத்தில்தான் சிக்னல் நிற்குமாம், அசைந்தால் போய்விடுமாம். மணி ஒன்று ஐந்து. அந்த மூலையில் என்னைப் பொருத்திக்கொண்டு மனைவிக்குப் போட்டேன்.

"எங்க இருக்கீங்க? காலைலேர்ந்து நாப்பது தடவ அடிச்சாச்சு."

"அப்பா எங்க?"

"படியில."

பத்து மணிக்கு லிஃப்ட் ஓடாது என்று தெரிந்ததும் அவர் வாசலைத் தாண்டி, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்துவிட்டாராம். தூக்குகிறோம் என்று வந்த இரண்டு பேரையும் திட்டி விரட்டிவிட்டார். மூன்று மணி நேரத்தில் ஐந்து மாடி. இப்போது நான்காவதில் இருக்கிறார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. இனி ஒரு படிகூட முடியாது, ஆனால் அதைச் சொல்ல மாட்டார். டாக்ஸி இரண்டு மணிக்கு வரும். பூட்டை வெட்டும் கத்தரியைப் பதினோரு மணிக்கே பட்டறையிலிருந்து வாங்கி வந்தாயிற்று. காவலாளிதான் விடவில்லை.

காவலாளிக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். மெஷின் ரூமில் பூட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

"சார், நீங்க உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?"

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் கேட்கிறான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மலை, மலைக்குப் பின்னால் மலை, மேலே மொத்த வானம். நான் ஆணிக்குப் பக்கத்தில் தோளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓர் அங்குலம் நகர முடியாமல் நின்றிருந்தேன்.

"வெளிய இருக்கேன்," என்றேன்.

"பூட்டு நம்பர்?"

"பதினேழு. வெட்டுப்பா."

இரும்பு நொறுங்கும் சத்தம் போனில் கேட்டது. உடனே அடுத்த பயம் வந்தது. நான் ஓட்டிப் பார்க்கவே இல்லையே. ஆள் ஏறாமல் மூன்று தடவை மேலும் கீழும் விடு, கூடவே காது கொடுத்துக் கேள் என்றேன். அவன் ஒவ்வொரு மாடியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒன்பது, எட்டு, ஏழு. தீக்காவல்காரி எனக்குத் தண்ணீர் நீட்டினார். கை நீட்டினால் சிக்னல் போய்விடும் என்று வாங்கவில்லை. அவரே புட்டியை என் வாயில் வைத்தார். மூன்றாவது தடவை முடியும்போது மணி ஒன்று ஐம்பது.

மனைவிக்கு மறுபடி போட்டேன். போனை அப்பாவிடம் கொடு என்றேன். அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"மாமா, நான்தான். தப்பு என்னோடது. பூட்ட எடுக்க மறந்துட்டேன்."

"நீ ஓட்டிப் பாத்தியா?"

"காவலாளி மூணு தடவ விட்டுப் பாத்துட்டான். நீங்க ஏறுங்க."

"அவன் பாத்தத கேக்கல. நீ சொல்லு. ஏறலாமா?"

மாட்டிக்கொண்டவர்களிடம் எத்தனையோ தடவை சுலபமாகச் சொன்ன வார்த்தைகள். ரப்பரை மாற்றிய இடத்தை மனதுக்குள் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். நான்கு திருகாணி. நான்கையும் முறுக்கினேன். ஆமாம், முறுக்கினேன்.

"ஏறுங்க மாமா. நான் சொல்றேன்."

கதவு திறக்கும் சத்தம், மனைவியின் குரல், ஏதோ உரசும் சத்தம். கதவு மூடியது. லைன் செத்தது. இரும்புப் பெட்டிக்குள் போன் எடுக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான்காவதிலிருந்து தரைக்குப் போக இருபத்தெட்டு வினாடி. நான் எண்ணினேன். இருபத்தெட்டு ஆனது. அறுபது ஆனது. தீக்காவல்காரி உட்காரச் சொன்னார், முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் கூண்டில் அனிச்சையாக என் கண் லிஃப்ட் பொத்தான்களைத் தேடியது. எத்தனை பேர் உள்ளே நின்று இப்படித் தேடியிருப்பார்கள், நானோ வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டே வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எட்டு மாதமாக மாமனாரும் இப்படித்தான் ஒரு மூலையில் நின்று, என்னிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ. அழுகை வந்தது. ஆணியைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

மணி இரண்டு எட்டுக்குப் போன் அடித்தது. பின்னால் கார் ஓடும் சத்தம்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"டாக்ஸி ஆறு நிமிஷம் லேட்டு. இருந்தாலும் நேரத்துக்குப் போயிடுவோம்."

"சரி மாமா."

பிறகு அவர், ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, "மூணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல அந்தக் கரகரப்பு இன்னும் இருக்கு," என்றார். "எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவ?"

ஏழரை மணிக்கு என்றேன். ஏழு நிமிடம் முன்னப்பின்ன ஆகலாம் என்றும் சொன்னேன்.