ஆற்றங்கரை மாடி வீடு

கல்யாணமான நாளிலிருந்து தன் பாய்மரப் படகில் பெண்டாட்டியை ஏற்றாத மனுஷன், திடீரென்று, "வா, சும்மா காத்து வாங்கிட்டுக் கடலோரமா போய், ஆத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தையல்காரிக்கும் வந்தது. கூரை ஓடும் செங்கலும் ஏற்றுகிற சரக்குப் படகு அது. அதில் என்ன உல்லாசப் பயணம் வேண்டிக்கிடக்கிறது?

"படகுல உங்ககூட வர்ற கூட்டாளி எங்கே?" என்று கேட்டாள்.

"அவனுக்குக் கால் சுளுக்கு. நடக்கவே முடியலையாம்."

நன்றாகக் காது குத்துகிறார். அந்தக் கூட்டாளி முந்தின நாள்தான் அவள் கடை வாசலில் விறுவிறுவென்று நடந்துபோனான். இவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். ஆக, இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். குட்டு வெளிப்படட்டும் என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

புருஷன் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார். பொத்தானை மட்டும் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். எவளைப் பார்க்க இந்த அவசரமாம்? அவள் சரிசெய்யவில்லை. அப்படியே போய் நிற்கட்டும், அந்த எவளோ ஒருத்தி பார்த்துச் சிரிக்கட்டும்.

கடல் அமைதியாக இருந்தது. அவர் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி தேன் ஒழுகப் பேசினார்.

"நீ முன்னாடி உட்காரு. என்னென்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வா. கேக்க ஆசையா இருக்கு."

ஆசையாம், ஆசை! வீட்டில் அவள் வாயைத் திறந்தாலே குறட்டை விடுகிற ஆள். ஆனாலும் சொன்னாள். "வலைப்படகு ஒண்ணு எதிர்ல வருது. இடது பக்கம் பாறை." அவள் சொல்லச் சொல்லப் படகு மெல்ல விலகிப் போனது.

ஆற்றுக்குள் நுழைந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டார். சின்ன வீட்டைக் காட்டப் பெண்டாட்டியையே கூட்டி வருவார்களா?

படகு ஒரு வளைவில் திரும்பியது. அவர் வலது கரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். வாயெல்லாம் பல்.

"யாருக்குக் கை காட்டுறீங்க?"

"மாடி வீட்டு டீச்சரம்மா. நான் எப்ப வந்தாலும் மாடியில நின்னு கை காட்டுவாங்க. இப்பவும் சிரிக்கிறாங்க பாரு."

கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் அவள் எழுந்து பார்த்தாள். மாடியும் இல்லை, வீடும் இல்லை. இடித்துப் போட்ட சுவர்கள் கிடந்தன. அவற்றின்மேல் புல் முளைத்திருந்தது.

அவள் திரும்பினாள். அவர் இன்னும் அங்கேயே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கூட்டாளி ஏன் வரலை? நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் கை கீழே இறங்கியது. "கண்ணு தெரியாதவன் ஓட்டுற படகுல ஏற மாட்டேன்னுட்டான். எல்லாம் புகை மாதிரி இருக்கு. படகை விட்டா நான் என்ன செய்வேன், சொல்லு? நீ கூட வந்தா ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"அடப்பாவி மனுஷா! இதை என்கிட்ட சொல்ல வாய் வரலையா?" அழுகையும் ஆத்திரமுமாகத் திட்டித் தீர்த்தாள். இன்னொருத்தி இருந்திருந்தால் மல்லுக்கட்டி விரட்டியிருப்பாள். இதை எங்கே போய் விரட்டுவது?

அவர் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரம்மா நிக்குறாங்கதானே?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நிக்குறாங்க. கை காட்டுறாங்க. முன்னாடி மணல் திட்டு வருது, இடது பக்கமா ஒதுக்குங்க."