இந்த மாத அப்டேட்

அப்பாவின் படத்தை அவருடைய போனிலிருந்தே அனுப்பப் பார்த்தாள் மகள். பிரேம் கடைக்காரர் அரை மணி நேரத்துக்குள் கேட்டிருந்தார். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வாடகைக்கு வந்த பத்து நாற்காலிகளில் ஏழு காலியாகவே இருந்தன.

போன் அடம்பிடித்தது. மென்பொருள் பழசாகிவிட்டதாம், அப்டேட் செய்தால்தான் படம் போகுமாம்.

"என்னம்மா, போச்சா?" என்றார் சித்தப்பா.

"இருங்க சித்தப்பா, அப்டேட் கேக்குது."

"அண்ணன்தான் மாசாமாசம் போடுவாரே. உன்னைக் கேட்டுட்டுத்தானே போடுவாரு?"

ஆமாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அலுவலகத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாத பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார். முப்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், ஒரு பட்டனை அமுக்க மகளிடம் அனுமதி கேட்பார்.

"பாப்பா, அப்டேட் வந்திருக்கு. அமுக்கவா?"

"அமுக்குங்கப்பா. சார்ஜ்ல போட்டுட்டு அமுக்குங்க. வைக்கிறேன்."

அவள் வேலையே போன் பாதுகாப்புதான். ஒரு மாதம் அப்டேட் தவறினாலும் திருடனுக்குத் தெரிந்த ஓட்டை திறந்தே கிடக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள். அப்பா தவறாமல் போடுகிறார் என்பதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. போன மாதம் மட்டும், "இந்தத் தடவை பெருசு போல பாப்பா, ரொம்ப நேரமாகும்னு போட்டிருக்கு," என்று இழுத்தார். "ஆகட்டும்பா," என்று வைத்துவிட்டாள்.

செட்டிங்ஸைத் திறந்தாள். கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது என்று கீழே ஒரு வரி.

அப்டேட் நின்றுபோன மாடல்களின் பட்டியலை அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பியதே அவள்தான். அதில் இந்த மாடலும் இருந்தது. அப்பாவிடம் இருப்பது எந்த போன் என்று அன்று அவள் யோசிக்கவே இல்லை.

வராத அப்டேட்டுக்காக இருபத்தேழு தடவை கூப்பிட்டிருக்கிறார். அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். நாற்பது நொடி, இருபத்தாறு நொடி, கடைசியாகப் பதினெட்டு நொடி.

"என்னம்மா சொல்லுது?"

"இதுக்கு அப்டேட் வர்றதில்லயாம் சித்தப்பா."

"வராமலா மாசாமாசம் போட்டாரு? சரி, நான் கடைக்காரர்கிட்ட சொல்லிக்கிறேன்," என்று அவர் வாசலுக்குப் போனார்.

புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடும் பட்டனை அமுக்கினாள். சின்ன வட்டம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லை என்றது.

மறுபடி அமுக்கினாள்.