இரண்டு பக்கமும் ஓட்டு உள்ளவன்

புருஷன் சம்பத்தின் கடிதத்தைச் சுந்தரி என் டெலிபோன் பூத்திலேயே பிரித்துப் படித்தாள். படித்ததும் முகம் சுண்டிப்போனது.

"பத்மாக்கா, இத்தக் கேளு. வெள்ளைக்காரன் ஆபீசுக்காக விசாரிக்க மெட்ராஸ்லருந்து வக்கீல் ஆளு வருவாராம். நான் இந்தியாக்காரன் இல்லன்னு அவராண்ட சொல்லுன்னு எழுதிக்கிறாரு. இதுக்கு இன்னா அர்த்தம்?"

எனக்கும் சுருக்கென்றது. சம்பத் ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் சத்தியவேட்டில் பிறந்தவன். கல்யாணத்துக்கு முன்பே ஹாங்காங் போய், துணிக்கடையில் வேலை பார்த்து, அங்கேயே வெள்ளைக்காரன் பாஸ்போர்ட் வாங்கியவன். அதை வைத்து லண்டனில் குடியிருக்க முடியாதாம். இந்தத் தொண்ணூற்றேழு ஜூலையில் வெள்ளைக்காரன் அந்த ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறான். சீனாக்காரன் தன் இனத்தாரை மட்டும்தான் சேர்த்துக்கொள்வானாம். வேறு நாடே இல்லாதவர்களை லண்டனுக்கு எடுத்துக்கொள்வதாக வெள்ளைக்காரன் கடைசியில் இறங்கி வந்திருக்கிறானாம். அது கிடைத்தால் உன்னையும் பிள்ளை தரணியையும் அழைத்துக்கொள்வேன் என்று சம்பத் முடித்திருந்தான்.

யார் நம்புவது? ஆண்ட ஊரையே கைகழுவிவிட்டுப் போகிறவன், துணிக்கடைக்காரனை இடுப்பில் தூக்கிக்கொண்டா போவான்?

"அங்க எவளையோ வச்சிக்கினு இருக்காரு. என்னை அத்துவுட வழி பண்றாரு," என்றாள் சுந்தரி.

"இருக்கும்," என்றேன். வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் ஆண்களின் குழைவான பேச்சைத் தினமும் கேட்பவள் நான். ஒருவனையும் நம்ப மாட்டேன்.

வக்கீலின் ஆள் சென்னைப் பேருந்தில் வந்து இறங்கினார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று சுந்தரி அவரை என் பூத்துக்கே கூட்டிவந்தாள். அவர் தேவைக்கு மேல் பணிவாகப் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்தியாவுல ஏதாவது உரிமை இருக்காம்மா?"

சுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னா சார் அப்படிக் கேட்டுட்டே? அவருக்கு இங்க ஆந்திராவுலயும் ஓட்டு இருக்குது, அந்தாண்ட தமிழ்நாட்டுலயும் ஓட்டு இருக்குது. ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டுல பேரு இருக்குது. அவரு இந்தியாக்காரருதான். எவளும் பிச்சிக்கினு போக முடியாது."

எங்கள் பக்கம் இதில் அதிசயமே இல்லை. எல்லைக்கு இருபுறமும் ஒவ்வொரு கால் வைத்துத்தான் பாதி ஊர் பிழைக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பலம் என்றே நினைப்போம். வந்தவர்தான் வெலவெலத்துப் போனார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"சத்தியமா சொல்றேன், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டு போனார். ஜெயித்துவிட்ட மாதிரி சுந்தரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஜூன் கடைசியில் சம்பத்தின் போன் வந்தது. ஹாங்காங்கிலிருந்து அவன் கத்தித்தான் பேசுவான், எனக்கும் கேட்கும்.

"லண்டன் இல்லன்னுட்டாங்க சுந்தரி. உனக்குத்தான் நாடு இருக்குதே, அங்கயே போன்னு சொல்றாங்க."

"நல்லதாப் போச்சு. வூட்டுக்கு வந்துடுங்க."

"எப்படி வர்றது? இந்தியா ஆபீசுல போய்க் கேட்டேன். வெள்ளைக்காரன் பாஸ்போர்ட் வாங்கன அன்னிக்கே நீ எங்க ஆளு இல்லன்றாங்க. விசா வாங்கிக்கினு வந்துட்டு, நாளு முடிஞ்சா கிளம்பிடணுமாம். கிளம்பி எங்க போறது?"

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. சுந்தரி மட்டும் இன்னும் விடவில்லை.

"நெசத்தைச் சொல்லுங்க. அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

இந்த முறை அவன் கத்தாமல் பேசினான். ரிசீவரை அவள் காதிலிருந்து விலக்கியிருந்ததால்தான் எனக்குக் கேட்டது.

"இங்க யாரும் இல்ல சுந்தரி. இந்த உலகத்துல என்னை எங்க ஆளுன்னு சொன்னது நீ ஒருத்திதான்."