ஆபீஸ் நகர்ந்த முற்பகல்

“மத்தியானத்துக்குள்ள இந்த ஆபீஸையே தூக்கிப் பக்கத்து ரூம்ல வெச்சிடுவேன் அத்தான். உள்ள நாற்பது பேர் வேலை பாத்துட்டே இருப்பாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. ‘வணக்கம்’னு டைப் பண்ணா ‘வண’ இங்க, ‘க்கம்’ அங்க!”

சொன்னவள் அந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நெட்வொர்க்கைக் கட்டிக் காப்பவள். கேட்டவர் அவளுடைய அக்காவின் கணவர், அதே கூடத்தின் எலக்ட்ரீஷியன். முப்பது வருஷமாகக் கம்பிகளோடு குடித்தனம் நடத்தியவர். கையால் பிடித்துப் பார்க்க முடியாத எதையும், மாமனாரே வந்து சொன்னாலும் நம்பமாட்டார்.

“காலையிலேயே கதை விட ஆரம்பிச்சிட்டியா மச்சினி? உங்கக்கா தேவலை. சாப்பிட்டப்புறம்தான் விடுவா.”

கிண்டல் செய்தாரே தவிர, சர்வர் அறையைவிட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை. பழைய சர்வர் பெட்டியின் விசிறி, ஊரிலுள்ள மிக்சிகளெல்லாம் ஒரே நேரத்தில் கல்லை அரைப்பதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். பக்கத்து அறையில் புதுப் பெட்டி குளுகுளுவென்று காத்திருந்தது.

“இதுக்குள்ள ஆறு கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணுக்கும் உடம்பு கிடையாது. நினைப்பை மட்டும் அந்தப் பெட்டிக்குக் கடத்தப் போறேன்” என்றாள் அவள்.

“சரி, ஆறுக்கும் சேத்து ஒரே கம்பிதானே போகுது? உள்ள கலந்துடாதா?”

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் ஒட்டி அனுப்புவேன். ஆபீஸுக்குப் பத்து. ரத்தம் பாக்குற மெஷினுக்கு முப்பது. கம்பி ஒண்ணுதான், ஆனா பத்தாம் நம்பர் தெருவுல முப்பது தலைகாட்ட முடியாது.”

அவர் குனிந்து கம்பியை வெகுநேரம் பார்த்தார். ஏதாவது எண் ஓடுவது தெரிந்தால் தேவலை என்பதுபோல விரலால் தடவியும் பார்த்தார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஊசியக்கா நின்றிருந்தாள். இரத்தம் எடுப்பது அவள் வேலை. பெயர் அப்படி வந்தது. “இந்தா பாரும்மா, மெஷினுக்குள்ள தொண்ணூறு பேரோட ரத்தம் இருக்கு. உன் கம்ப்யூட்டர் மூணு நிமிஷம் பதில் சொல்லலேன்னா மொத்தத்தையும் கழிவுல கொட்டிடும். அதுல ஒண்ணு பொறந்து நாலு நாளான குழந்தை. நரம்பு கிடைக்கறதுக்குள்ள அதைவிட நான்தான் அதிகமா அழுதேன். இன்னொரு தடவை குத்த என்னால ஆகாது.”

மெஷின் முடிக்க ஐந்து மணி நேரமாகும். விசிறி அதுவரை பொறுக்காது. மச்சினி தொடங்கினாள்.

முதல் ஐந்து கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் குடிபெயர்ந்தன. அத்தான் முன்னறைக்கு ஓடினார். வரவேற்பில் இருந்த பெண் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள், தலைகூட நிமிரவில்லை.

திரும்பி வந்து, “ஏதோ தற்செயல்” என்றார். குரலில் முன்பிருந்த தெம்பில்லை.

ரத்த மெஷினுக்குப் பதில் சொல்லும் ஆறாவதும் போய்ச் சேர்ந்தது. அதே கணம் பழைய விசிறி நின்றது. பெட்டி பெருமூச்சு விட்டு அணைந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஊசியக்காவின் குரல் வந்தது:

“பதில் வரல! சிவப்புல எண்ண ஆரம்பிச்சிடுச்சு!”

“கம்பி முனையில பச்சை விளக்கு எரியுதே, கம்பி சுத்தம்” என்றார் அத்தான்.

“பத்து போகுது, முப்பது போகல. ஒரே கம்பி!” மச்சினியின் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. “புதுப் பெட்டியில முப்பது சரியாத்தான் இருக்கு. அப்போ வெளிய எங்கயோ மறிக்குது…” திரும்பி, கம்பிகள் வந்து சேரும் சுவிட்சைப் பார்த்தாள். “அத்தான், புதுப் பெட்டிக் கம்பி ஏழாவது போர்ட்ல இருந்துச்சே?”

அவர் சுவிட்சை எட்டிப் பார்த்தார். முந்தின நாள் கம்பிகளை அழகாகக் கட்டியவர் அவர்தான். ஏழாவதற்கு வந்த கம்பி கோணலாகத் தொங்கியது கண்ணை உறுத்தவே, நேராக வரும்படி பன்னிரண்டாவதில் செருகியிருந்தார்.

“எல்லா ஓட்டையும் ஒண்ணுதானேம்மா?”

“கரண்டுக்கு ஒண்ணு! இங்க ஓட்டைக்கு ஒரு காவல்காரன். பன்னிரண்டு ஆபீஸ் பக்கத்து ஆளு. முப்பதை உள்ள விடமாட்டான்!”

அத்தானின் கை கம்பியை நோக்கிப் பாய்ந்தது. அவள் பட்டென்று தட்டிவிட்டாள். “தொடாதீங்க! பிடுங்கினா மத்த அஞ்சும் சேந்து விழும்.”

“நாப்பது செகண்ட்!” என்றாள் ஊசியக்கா.

மச்சினி ஒரே ஒரு வரி அடித்தாள்: பன்னிரண்டாவது போர்ட்டில் முப்பதையும் சேர். எல்லாம் அவ்வளவுதான். அத்தான் பச்சை விளக்கையே பார்த்தார். அது எப்போதும்போல ஒன்றும் தெரியாத பாவனையில் சிமிட்டியது.

“பதினொண்ணு… பத்து… ஆ! நின்னுடுச்சு! குழாய் நகருது!” ஊசியக்கா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை மருத்துவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன, எப்பத்தான் மாத்தப் போறீங்க? எவ்வளவு நேரம் எல்லாரும் வேலையை நிறுத்தணும்?”

மச்சினி அத்தானைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

அத்தான் முன்னால் வந்தார். “மாத்தியாச்சு டாக்டர். நடுவுல மெஷின் மூச்சுத் திணறினது என்னால. கம்பியை நான்தான் தப்பா மாத்தி வெச்சேன்.” முன்னறைப் பக்கம் கை காட்டினார். “ஆனா ஆபீஸ் நகந்துச்சு. ஒருத்தரும் எந்திரிக்கல. நான் போய்ப் பாத்தேன்.”