மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்

செபுத் தீவில் கார்கார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பொலிகார்ப்போவின் கடைக்கு முடி வெட்டிக்கொள்ளத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். அங்கே நாற்காலி ஒன்று, பெஞ்சு மூன்று. நாற்காலியில் இருப்பவன் தலை குனிந்திருப்பான். பெஞ்சில் இருப்பவர்கள், செத்துப்போன, ஓய்வுபெற்ற, பல் விழுந்த குத்துச்சண்டைக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்கள். இவன் வலது கையை நம்பியே கெட்டான், அவன் அந்த வயதில் கல்யாணம் செய்திருக்கவே கூடாது, இன்னொருவன் சண்டைக்கு முந்தின நாள் பன்றித்தோல் வறுவலைத் தொட்டிருக்கக் கூடாது. கேட்க வேண்டிய ஆள் யாரும் பக்கத்தில் இல்லாததால் புத்திமதிக்குக் குறைவே இல்லை.

எல்லாரையும்விட அதிகம் புத்தி வாங்கியவன் நிலோ பகால்டோ. பக்கத்து ஊர்க்காரன். 1988இல் மணிலாவில் கொரியச் சாம்பியனோடு உலகப் பட்டத்துக்கு மோதினான். ஏழு சுற்று வரை அவன் கைதான் ஓங்கியிருந்தது. எட்டாவதில் இடது கையை இறக்கி விலாவில் குத்தப் போனான், கொரியனின் வலது கை மேலே வந்து தாடையில் இறங்கியது. பத்து எண்ணி முடிக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அந்த இடது கை ஏன் இறங்கியது என்பது முப்பது வருஷமாக அந்தக் கடையில் பேசித் தீரவில்லை.

மூச்சு வாங்கிவிட்டது, கொரியனைக் கட்டிப் பிடித்துத் தொங்கியிருக்க வேண்டும் என்பான் முழுப் பன்றி சுட்டு விற்கும் இஸ்லாவ். ஒதுங்கி ஒதுங்கி ஆடியிருந்தால் புள்ளியிலேயே ஜெயித்திருக்கலாம் என்பார் ஓய்வுபெற்ற வாத்தியார் வெனான்சியோ. இரண்டு பேரும் தொண்டை வற்றிய பிறகு கடைக்காரர் கார்ப்போ கத்திரியை நிறுத்துவார். கத்திரி நின்றால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும் என்பது கடைச் சட்டம்.

“நீங்கல்லாம் ரேடியோ கேட்டவங்க. நான் மூணாவது வரிசையில இருந்தவன். ஏழாவது ரவுண்டுலயே கொரியனுக்கு விலா தெறந்து கெடந்துச்சு. எந்திரிச்சு நின்னு தொண்ட கிழியக் கத்தினேன், ‘விலாவுல குத்துடா நிலோ’ன்னு. கூட்டம் பூரா மணிலாக்காரங்க, அவங்க தகலோக் பாஷையில கத்துறாங்க. நம்ம பாஷையில கத்தினவன் நான் ஒருத்தன். அவன் காதுல விழல. எட்டாவதுல அவனுக்கே புத்தி வந்துச்சு, அதுக்குள்ள நேரம் போயிருச்சு. என் குரல் எட்டியிருந்தா பெல்ட்டு நம்ம பக்கம் வந்திருக்கும்.”

நேரில் பார்த்தவனிடம் என்னவென்று வாதாடுவது? வாத்தியார்கூட அடங்கிவிடுவார்.

இதில் ஒரே ஒரு சங்கடம்தான். கார்ப்போ நேரில் பார்க்கவில்லை. டிக்கெட் வாங்கினார், செபுவில் கப்பல் ஏறினார், அதெல்லாம் நிஜம். புயல் என்று சொல்லிக் கப்பலை ஒரு நாள் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். மணிலாவில் இறங்கியபோது ஏழாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துச் சோற்றுக்கடையில் மூட்டை தூக்குகிறவர்களோடு நின்று ரேடியோவில் கேட்டார். விலாவில் குத்தச் சொல்லிக் கத்தியதும் நிஜம்தான், ஆனால் ரேடியோவைப் பார்த்துக் கத்தினார். ஊருக்குத் திரும்பியதும் “நேர்ல பாத்தியா?” என்று முதலில் கேட்டவனிடம் தலையை ஆட்டிவிட்டார். அத்தனை தூரம் போய் ரேடியோ கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த ஒரு தலையாட்டல் வருஷா வருஷம் வளர்ந்து மூன்றாவது வரிசைவரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

இந்த நவம்பரில் புனித கத்தரீனாள் திருவிழாவுக்குப் பிளாசாவில் குத்துச்சண்டைப் போட்டி வைத்தார்கள். சிறப்பு விருந்தாளியாக, தாவோவில் குடியேறிவிட்ட நிலோ பகால்டோவை அழைத்திருந்தார்கள்.

“ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றான் இஸ்லாவ். “அவர்கிட்டயே கேட்டுருவோம். நம்மள்ல யாரு சொன்னது சரின்னு.”

திருவிழாவுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று கார்ப்போ முதலில் பார்த்தார். அப்புறம் யோசித்தார். இருபதாயிரம் தலை இருந்த கூட்டத்தில் ஒரு தலை இல்லாமல் போனது அடி வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க யோசிக்க ஆசையே வந்துவிட்டது. கார்ப்போ சொன்னதுதான் சரி என்று நிலோ ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மிச்ச காலத்துக்கு அந்தக் கடையில் வேறு யாரும் பேச வேண்டியதில்லை. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானச் சாப்பாட்டுப் பந்தலில் நிலோ உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, கனத்த உடம்பு, தட்டில் பன்றித்தோல். இஸ்லாவ் தன் புத்தியைச் சொன்னான். வாத்தியார் காற்றில் படம் போட்டே காட்டினார். நிலோ மென்றபடி தலையாட்டினார். தாவோவில், பேருந்தில், ஆஸ்பத்திரியில், தன் மனைவியை அடக்கம் செய்த இடத்தில்கூட அவர் கேட்டுப் பழகிய புத்திமதிகள்தான் எல்லாம்.

“இவர் சொல்றதக் கேளுங்க,” என்று கார்ப்போவை முன்னால் தள்ளினான் இஸ்லாவ். “அன்னைக்கு நேர்லயே இருந்தவரு. மூணாவது வரிசை.”

கார்ப்போ முப்பது வருஷம் மெருகேற்றிய கதையை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். பாதியில் நிலோ மெல்லுவதை நிறுத்தினார்.

“என்ன கத்தினீங்க? அப்படியே சொல்லுங்கண்ணே.”

“விலாவுல குத்துடா நிலோன்னு.”

“நம்ம பாஷையில?”

“ஆமா. வேற எதுல?”

நிலோ தட்டைக் கீழே வைத்தார். “என் காதுல விழுந்துச்சு,” என்றார்.

“விழுந்துச்சா?” என்றான் இஸ்லாவ்.

“கோச் இசிதோரோ அன்னைக்குப் பூரா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, இடது கைய எறக்காதன்னு. எட்டாவது ரவுண்டுல நம்ம பாஷையில ஒரு சத்தம். அங்க நம்ம பாஷை பேசுறவரு அவர் ஒருத்தர்தான்னு நெனச்சிருந்தேன். அவரே சொல்றாருன்னு கைய எறக்கினேன். அப்புறம் ரூமுக்குள்ள வச்சு அவர அடிக்கப் போனேன். நான் சொல்லலடா, சொல்லலடான்னு அழுதாரு. நான் நம்பல. பதினோரு வருஷம் அவரோட பேசல. செத்ததுக்கும் போகல.” அவர் கார்ப்போவின் முகத்தையே பார்த்தார். “அது நீங்கதானாண்ணே?”

எல்லாத் தலைகளும் கார்ப்போ பக்கம் திரும்பின. ஒரு உலகப் பட்டத்தைத் தொலைத்த வாயை ஊரே முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

“நான் கத்தினது ஏழாவதுல,” என்றார் கார்ப்போ.

“ஆவேசத்துல ரவுண்ட எண்ண மறந்திருப்பீங்க,” என்றான் இஸ்லாவ்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. “நான் அங்க இல்லவே இல்லங்க,” என்றார். கப்பல், புயல், சோற்றுக்கடை, ரேடியோ, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். சொல்லச் சொல்ல நெஞ்சில் பாரம் குறைவதுபோலக்கூட இருந்தது.

முதலில் சிரித்தவர் வாத்தியார். “முப்பது வருஷமா மூணாவது வரிசை. மாட்டிக்கிட்டதும் கப்பல் லேட்டா?”

“புயலாம்ல,” என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது.

“கத்தரீனாள் மேல சத்தியமா,” என்றார் கார்ப்போ. பொய் சொன்னபோது ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. உண்மையைச் சொன்ன அன்றைக்குச் சாமியைக் கூப்பிட்டும் சாட்சி கிடைக்கவில்லை.

நிலோ எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “பயப்படாதீங்கண்ணே. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஆசையில கத்தினீங்க, அவ்வளவுதான். அவர் சொல்லலன்னு தெரிஞ்சுதே, அது போதும் எனக்கு.” சொல்லிவிட்டு அவர் அழுதார். அத்தனை பேர் முன்னால், கூச்சமில்லாமல், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு, அன்றைக்குக் கார்ப்போ கப்பல் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மறு வாரத்திலிருந்து கடையில் பழைய சாம்பியன்கள் எல்லாருக்கும் விடுமுறை. புத்திமதி முழுக்க இப்போது கத்திரி பிடித்திருப்பவருக்கு. அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தால் வாயில் துண்டைத் திணித்திருப்பேன் என்றான் ஒருவன். கோச் இருக்கும்போது பார்க்க வந்தவன் ஏன் பேச வேண்டும் என்றார் வாத்தியார். டிக்கெட்டே வாங்கியிருக்கக் கூடாது என்று ஒரு கட்சி. கார்ப்போ ஒவ்வொரு தடவையும் கப்பலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். கப்பல் என்றாலே சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து இஸ்லாவ் முகச்சவரத்துக்கு வந்தான். கையோடு போனை நீட்டினான். நிலோ அனுப்பிய படம். மண்டாவே கல்லறைத் தோட்டத்தில், இசிதோரோவின் கல்லுக்கு முன்னால் நிலோ முழங்காலிட்டிருந்தார். பக்கத்தில் மெழுகுவர்த்திகள். கீழே எழுதியிருந்ததை இஸ்லாவே படித்தான்: “அவர் செத்து இருபது வருஷம் கழிச்சு மன்னிப்புக் கேட்டுட்டேன். நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன்.”

கார்ப்போ படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, இஸ்லாவின் தாடையில் நுரையைத் தடவினார்.

“இருந்தாலும், ஏழாவது ரவுண்டுல கத்தினேன்னு சொன்னது கொஞ்சம் இடிக்குதேண்ணே,” என்றான் இஸ்லாவ் நுரைக்குள்ளிருந்து. “கப்பல் கதைகூட ஒருவேளை நெசம்தானோன்னு வாத்தியார் கேக்குறாரு.”

கார்ப்போவின் கத்தி ஒரு கணம் நின்றது.

“வாத்தியாருக்கு என்ன தெரியும்,” என்றார். “மூணாவது வரிசையிலதான்டா இருந்தேன். கத்தினது எட்டாவது ரவுண்டுல.”